கேஸைக் கோட்டைவிட்ட வக்கீல், சந்தேகத்துக்குள்ளான ஜட்ஜ்: எந்த வாசலில் போய் நிற்பது?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்ட தம்பி நெல்லைப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துக்காரர். தாத்தா விட்டுப்போன நஞ்சையில் அம்மாவின் பங்குக்காகப் போட்ட பாகவழக்கு ஏழு வருஷமாக நம் பக்கத்துக் கோர்ட் ஒன்றில் நடந்துவந்தது. வக்கீலுக்கு இதுவரை 85,000 ரூபாய் போயிருக்கிறது. போன வாரம் அவர் மகள் செல்போனில் ஈகோர்ட்ஸ் செயலியைத் திறந்து, வழக்கின் 16 இலக்க எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வாதி ஆஜராகவில்லை என்று நாலு மாசத்துக்கு முன்பே வழக்கு தள்ளுபடி. அதற்குப் பிறகும் வக்கீல் இரண்டு தடவை ‘வாய்தா போட்டிருக்கு’ என்று வாட்ஸப்பில் எழுதி, ஜிபேயில் 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். வழக்குக் காகிதக் கட்டைக் கேட்டால் ‘பாக்கி பீஸைக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போ’ என்கிறார். போதாக்குறைக்கு, அந்த ஜட்ஜும் எதிர்த்தரப்பு வக்கீலும் ஒரே சாதி, பேசி முடித்துவிட்டார்கள் என்று கோர்ட் வாசல் டீக்கடையில் ஒருவர் காதில் போட்டிருக்கிறார். ‘ரெண்டு பேர் மேலயும் புகார் குடுக்கணும் அண்ணாச்சி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவலாமா, எஸ்.பி. ஆபீசுக்குப் போவலாமா?’ என்பதுதான் கேள்வி. ஊர், கோர்ட், பெயர் எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். நான் இங்கே எதையும் சொல்லவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தம்பி, நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டியவன். அதற்கு முன்னால் சீனியர் ஆபீசில் குமாஸ்தாவோடு சேர்ந்து கட்டுத் தூக்கியவன். சொந்தக்காரனைப் பற்றி எழுதுகிற கூச்சம் இந்தப் பதிலில் அங்கங்கே தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் உறைத்தது அந்த ‘நாலு மாசம்’தான். வாதி வராமல் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்க, சி.பி.சி. என்கிற சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 9 ரூல் 9-இன்படி மனுப் போட வேண்டும். அதற்குக் கெடு 30 நாள். நீங்கள் கெடுவைத் தாண்டி மூன்று மாசம் ஆகிவிட்டது. அதனால் காலவரம்புச் சட்டம் பிரிவு 5-இல் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு கூடவே போக வேண்டும். இரண்டுக்கும் அம்மாவின் அபிடவிட், அதாவது சத்தியம் செய்த வாக்குமூலம், வேண்டும். வக்கீல் மேல் எடுக்கிற நடவடிக்கை ஆறு மாசம் கழித்தும் எடுக்கலாம். இந்த மனுவில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. ஆகவே கோபத்தை ஒரு பத்து நாள் மடித்து வையுங்கள்.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் விழுகிறார்கள். தாமத மனுவுக்கென்று நம் கோர்ட்டுகளில் பரம்பரையாக ஒரு காரணம் உண்டு: மஞ்சள் காமாலை. ‘மனுதாரருக்கு மஞ்சள் காமாலை கண்டு, நாட்டு மருந்து சாப்பிட்டுப் படுக்கையில் இருந்தபடியால் வக்கீலைச் சந்தித்து விவரம் சொல்ல இயலவில்லை.’ இந்த ஒரு வாக்கியத்தை நானே எத்தனை தடவை டைப்படிக்கக் கொடுத்திருப்பேன் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. நாட்டு மருந்துக்குச் சீட்டு கிடையாது, டாக்டரைக் கூண்டேற்ற முடியாது. அதுதான் அந்த நோயின் வசதி. நீங்கள் போய்ப் பார்க்கப்போகிற புது வக்கீலும் அநேகமாக அதையே எழுதுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. பழைய வக்கீல் அவருக்குத் தினமும் பார் ரூமில் பக்கத்து நாற்காலி. ‘எதுக்கு அவர் பேரை இழுக்கணும், கேஸ் திரும்ப வந்தாப் போதும்லா’ என்பார்.

அம்மா அந்தத் தாளில் கைநாட்டு வைத்த நிமிஷமே, பழைய வக்கீல் மேல் நீங்கள் கொடுக்கப்போகிற புகார் செத்துப்போகும். ‘எனக்கு நோய், அதனால் வரமுடியவில்லை’ என்று ஒரு கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு, ‘வக்கீல் என்னை ஏமாற்றினார்’ என்று இன்னொரு இடத்தில் சொன்னால் எவன் நம்புவான்? நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். இன்ன தேதியில் வழக்கு தள்ளுபடியானது. இன்ன தேதியில் வக்கீல் வாய்தா என்று செய்தி அனுப்பினார். இன்ன தேதியில் 5,000 வாங்கினார். இன்ன தேதியில் பேத்தி செயலியில் பார்த்தாள். செய்திகளின் நகலையும் இணைக்கச் சொல்லுங்கள். செல்போன் ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றும் கூடப் போக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு வாரிசு அது. வக்கீலை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்த கட்சிக்காரர் அந்த வக்கீலின் தவறுக்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பிற்பாடு வந்த தீர்ப்புகள் கொஞ்சம் இறுக்கின: கட்சிக்காரரும் விழிப்பாக இருந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் வக்கீல் தலையில் கட்டிவிட்டுத் தப்பக் கூடாது என்று. உங்கள் விஷயத்தில் அந்த விழிப்புக்குச் சாட்சியே வாட்ஸப்தான். நீங்கள் மாசாமாசம் கேட்டிருக்கிறீர்கள், அவர் பொய் சொல்லியிருக்கிறார்.

தாமத மனு தோற்றாலும் ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிவிஷன் என்கிற சீராய்வு மனு உண்டு. அதுவும் போனாலும், பாகவழக்கில் சொத்து பொதுவில் இருக்கும்வரை பங்கு கேட்கிற உரிமை தொடர்ந்துகொண்டே இருக்கும், புது வழக்குக்குப் பழைய தள்ளுபடி தடையில்லை என்று தீர்ப்புகள் இருக்கின்றன. அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள், கொஞ்சம் தூங்குவார்கள். ஆனால் புது வழக்கென்றால் மறுபடி ஏழு வருஷம்.

அடுத்தது கட்டு. பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் சுப்ரீம் கோர்ட் பட்டவர்த்தனமாகச் சொன்னது இது: வழக்குக் காகிதம் அடகுப் பொருள் அல்ல, பாக்கி இருந்தால் வக்கீல் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்டைத் தர மறுப்பதே தொழில் ஒழுங்கீனம். அந்த வழக்கில் சிக்கிய வக்கீல் ஒரு வங்கிக்கு ஆலோசகராக இருந்தவர். வங்கிக்குச் சொன்னது கன்னடியன் கால்வாய்க் குடியானவனுக்கும் பொருந்தும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, நாலே வரியில் கடிதம் போடுங்கள்: இன்ன நம்பர் வழக்கின் கட்டையும், இதுவரை வாங்கிய தொகைக்கான கணக்கையும் ஏழு நாளில் தரவும். கணக்குக் கேட்பதற்கும் காரணம் உண்டு. கட்சிக்காரர் பணத்துக்கு, எது பீஸ், எது செலவு என்று பிரித்துத் தேதிவாரியாகக் கணக்கு வைத்திருக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. எத்தனை ஆபீசில் அந்த நோட்டு இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவர் தராவிட்டாலும் வழக்கு நிற்காது. பிராது, எதிருரை, ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைக் கோர்ட் குறித்துவைக்கிற நோட்ஸ் பேப்பர் எல்லாவற்றுக்கும் கட்சிக்காரர் நேரடியாகவே நகல் மனுப் போட்டு வாங்கலாம். கோர்ட்டில் தாக்கலான அசல் பத்திரங்கள் கோர்ட்டில்தான் இருக்கும். தாக்கலாகாமல் வக்கீல் பீரோவில் தூங்குகிற அசல் ஏதாவது உண்டா என்பதை மட்டும் அம்மாவிடம் விசாரியுங்கள். தாய்ப்பத்திரம் அங்கே இருந்தால் அதுதான் உண்மையான பிடி. வக்காலத்து மாற்றப் பழைய வக்கீல் ‘ஆட்சேபனை இல்லை’ என்று கையெழுத்துப் போடுவது வழக்கம். போடமாட்டேன் என்றால் கோர்ட் அனுமதியோடு மாற்றலாம், சி.பி.சி.யிலேயே வழி இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோர்ட் வளாகத்துக்குள்ளே இருக்கிற வக்கீல் சங்கம் வேறு, சென்னையில் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிற தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வேறு. நம் ஆட்கள் சங்கத் தலைவரிடம் போய் அழுதுவிட்டு, ‘பார் கவுன்சில்ல சொல்லியாச்சு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சங்கத்துக்கு ஒரு வக்கீலைத் தடை செய்யவோ தண்டிக்கவோ அதிகாரம் கிடையாது. ஆனாலும் கட்டு வாங்குவதற்கு மட்டும் சங்கத் தலைவரையோ செயலாளரையோ பார்ப்பது தப்பில்லை. சீனியர் ஒருவர் போனில் ‘ஏ, அந்தக் கட்டைக் குடுத்துருப்பா’ என்றால் மறுநாள் காலையில் குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நான் கண்ட அனுபவத்தில் பத்துக் கட்டில் எட்டு அப்படித்தான் வந்திருக்கிறது. வாங்கும்போது ‘எனக்கும் வக்கீலுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை, புகாரும் இல்லை’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கட்டைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

இனி வக்கீல் மேல் புகார். அவர் செய்ததை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு தப்பான யோசனை சொன்னார் என்றால், அது ஒழுங்கீனம் ஆகாது. டாக்டர் மருந்தை மாற்றி எழுதுகிற மாதிரி அது தொழிலில் நேர்கிற பிழை. தேதியை டைரியில் குறிக்க மறந்து கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தார் என்றால் அது அஜாக்கிரதை. வெறும் அஜாக்கிரதை மட்டும் தொழில் ஒழுங்கீனம் ஆகிவிடாது, அதோடு நேர்மைக்கேடு சேர்ந்திருக்க வேண்டும் என்று 1963-லேயே சுப்ரீம் கோர்ட் கோடு கிழித்துவிட்டது. புகார்கள் சறுக்குகிற இடம் இதுதான். ‘அவர் வரலை, என் கேஸு போச்சு’ என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். புகாருக்குள்ளான வக்கீல், ‘ஆமாம் ஐயா, அன்றைக்கு ஜூனியர் தேதியை மாற்றிக் குறித்துவிட்டார், வருந்துகிறேன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

உங்கள் விஷயம் மூன்றாவது வகை. தள்ளுபடியான அன்று அவர் போகாதது அஜாக்கிரதையாகவே இருக்கட்டும். தள்ளுபடியானதை மறைத்து, இல்லாத வாய்தாவை இருப்பதாகச் சொன்னது பொய். செத்த வழக்குக்குச் செலவு என்று 5,000 வாங்கியது ஏமாற்று. ஆகவே புகாரில் ஏழு வருஷத்துக் கதையை எழுதாதீர்கள். தள்ளுபடித் தேதி, அதற்குப் பிந்திய இரண்டு செய்திகள், ஜிபே ரசீது, கட்டைக் கேட்டுப் போட்ட பதிவுத் தபால், அதற்கு வந்த அல்லது வராத பதில். ஐந்து தாள் போதும்.

வக்கீல்கள் சட்டம் 1961, பிரிவு 35-இன்படி புகார் போகும். மனுவாக எழுதி, உறுதிமொழியிட்டு, உரிய கட்டணத்தோடும் நகல்களோடும் கொடுக்க வேண்டும். கவுன்சில் அவரிடம் விளக்கம் கேட்கும். ஒழுங்கீனம் நடந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் மூன்று வக்கீல்கள் அடங்கிய ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். அங்கே சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் கோர்ட் மாதிரியே. கண்டித்து விடலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் விவகாரம் டெல்லியில் இருக்கிற இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிப்போகும். அப்பீலும் 60 நாளைக்குள் அங்கேதான், அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட். உங்களுக்குப் பணம் வாங்கித் தருகிற வேலை அந்தக் குழுவுடையது அல்ல என்பதை மனதில் வையுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கிழவி ஞாபகம் வருகிறாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி. மகன் லாரி மோதி இறந்ததற்கு நஷ்டஈடு வந்தது. ‘வந்ததுல மூணுல ஒண்ணு எனக்கு’ என்று வக்கீல் முதலிலேயே பேச்சு. அந்தப் பேச்சே சட்டவிரோதம். கிடைக்கிற தொகையில் விகிதம் பேசுவது ஒழுங்கீனம் என்று பி. சுனிதா வழக்கில் 2017-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. இவள் கதை அதற்கு முந்தியது. மூன்றில் ஒன்று போக, இடையிடையே ‘கோர்ட் செலவு’ என்றும் வாங்கியிருக்கிறார். கிழவிக்கு எழுதத் தெரியாது. பேரனை விட்டுத் தினசரி காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் தொகையை எழுதச் சொல்லி, நல்லெண்ணெய் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். முன்பக்கம் ராகுகாலம், குளிகை, பின்பக்கம் ‘வக்கீல் அய்யாவுக்கு 2,000’. முப்பது வருஷத்தில் நான் பார்த்த ஆதாரங்களில் அதைவிடச் சுத்தமானது இல்லை. தேதியை அச்சடித்தவன் சிவகாசிக்காரன், யாரும் மறுக்க முடியாது.

நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ஐகோர்ட் வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழு முன்னால் கிழவி டப்பாவைத் திறந்ததும் அறையில் எண்ணெய் வாசனை. உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. வாய்தா போட்டு வெளியே வந்தோம். அவருடைய ஜூனியர் படிக்கட்டில் காத்திருந்தான். கிழவியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். ஊர் திரும்பிய பத்தாம் நாள், வாங்கியதில் பெரும்பகுதியை அந்த வக்கீல் வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டார். அடுத்த வாய்தாவுக்குக் கிழவி வரவில்லை. ‘ஏம்மா இப்படிப் பண்ணுன?’ என்று கேட்டேன். ‘அவன் கோட்டைக் கழத்தி நான் என்ன செய்ய? எனக்குத் துட்டுதாம்யா வேணும்’ என்றாள்.

புகார்தாரர் வாபஸ் வாங்கினாலும், சமாதானமாகப் போனாலும், அதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கையைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாட்சி சொல்ல ஆள் வராத புகாரை வைத்துக்கொண்டு எந்தக் குழு என்ன செய்ய முடியும்? கிழவி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. அந்த வக்கீல் இன்றும் கோர்ட்டுக்கு வருகிறார், என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். ஆகவே, உங்களுக்கு வேண்டியது துட்டா, கோட்டா என்பதை இப்போதே முடிவுசெய்து கொள்ளுங்கள்.

வக்கீலை வக்கீல்களே விசாரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முன்னே அந்த அதிகாரம் ஐகோர்ட் கையில் இருந்தது. வக்கீல் தொழில் செய்கிற உரிமத்துக்கு அப்போது பெயர் சன்னது. வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்பிடாரத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை, தானும் வக்கீல். 1908 ஜூலையில் திருநெல்வேலியில் வைத்து நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்து, 1912 கடைசியில் வெளியே வந்தவருக்குத் தொழில் செய்யச் சன்னது இல்லை. செக்கிழுத்தவர் சென்னையில் பிழைப்புக்கு என்ன பாடுபட்டார் என்பது ஊரறிந்த கதை. பல வருஷம் கழித்து வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவில் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அரசுக்குப் பிடிக்காத வக்கீலின் சோற்றில் கோர்ட் மண்ணைப் போட முடியும் என்பதை நம் ஜில்லாவே பார்த்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் 1961 சட்டம் அந்த அதிகாரத்தை ஐகோர்ட்டிடமிருந்து எடுத்து வக்கீல்கள் கையிலேயே கொடுத்ததை நான் அதனால்தான் குறை சொல்லமாட்டேன். அரசை எதிர்த்து நிற்கிற வக்கீலுக்கு அது வேலி. உங்கள் பணத்தைத் தின்ற வக்கீலும் அதே வேலிக்குள் நிற்கிறார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நுகர்வோர் கோர்ட் வேண்டாம். டி.கே. காந்தி வழக்கில் 2024 மே 14-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. சாதாரணக் கட்சிக்காரனுக்குச் செலவில்லாமல் இருந்த ஒரே வழியை அடைத்தது சரியில்லை என்பது என் கட்சி. நாளைக்குப் பார் ரூமில் எனக்கு டீ கிடைக்காது, பரவாயில்லை. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட வழி இருக்கிறது. போலீசைப் பொறுத்தமட்டில், அந்த 5,000 ரூபாய் விஷயம் மட்டும் மோசடிப் புகாருக்குத் தாங்கும். ஆனால் போலீஸ் வக்கீல் மேல் எப்.ஐ.ஆர். போட்டால் மறுநாள் கோர்ட் புறக்கணிப்பு, அதில் உங்கள் மனுவும் சேர்ந்து மாட்டும். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் நம் ஜில்லாவில் எத்தனை புறக்கணிப்பு பார்த்தாகிவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது ஜட்ஜ். நீங்கள் அனுப்பிய செயலிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாதி தரப்பு சாட்சிக்கென்று மூன்று வாய்தா போட்டிருக்கிறார். மூன்றிலும் உங்கள் பக்கம் யாரும் இல்லை. நாலாவது நாள் எதிர்த்தரப்பு வந்திருக்கிறது, நீங்கள் இல்லை. தள்ளுபடி. விசாரணைக் கட்டத்தில் ஒரு கட்சிக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கூடாது என்று சி.பி.சி. ஆர்டர் 17 சொல்கிறது. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஏழு வருஷ வழக்கை ஏன் இழுக்கிறீர்கள் என்று அவரை மேலே கேட்பார்கள்.

சாதி விஷயம். நம் பக்கத்தில் புது ஜட்ஜ் வந்து சேர்ந்த அன்றைக்கே அவர் தீர்ப்பை யாரும் விசாரிப்பதில்லை, ‘ஆளு யாரு?’ என்றுதான் விசாரிப்பார்கள். தோற்றவனுக்கு அதில் ஓர் ஆறுதல். அதற்காக ஜட்ஜுகள் அத்தனை பேரும் உத்தமர்கள் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அதே கோர்ட்டில் வாதாடுகிற வக்கீல்களோடு நெருங்கிப் பழகக் கூடாது என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கூடித் தங்களுக்கும் ஐகோர்ட் நீதிபதிகளுக்குமாக ஏற்றுக்கொண்ட நன்னெறித் தொகுப்பிலேயே இருக்கிறது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் சம்பந்தி மாதிரி நின்றார், தனி அறையில் ஒரு தரப்பை மட்டும் சந்தித்தார், திறந்த கோர்ட்டில் சொன்னது ஒன்று நகலில் வந்தது வேறு, யாரோ ஒருவர் மூலமாகப் பணம் கேட்டுவிட்டார், இப்படி ஏதாவது கையில் இருந்தால் அது புகார். தீர்ப்பு தப்பு என்பது அப்பீல். இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டும் கெடும்.

கையில் உண்மையான புகார் இருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கீழ்க்கோர்ட் நீதிபதிகள் அரசியல் சட்டம் 235-ஆம் உறுப்பின்படி ஐகோர்ட்டின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். ஐகோர்ட்டில் விஜிலென்ஸ் பிரிவே இருக்கிறது, அதற்கென்று ஒரு பதிவாளர். ஒரு முன்சீப் மந்திரிக்குப் பயப்படுவதைவிட அந்தப் பிரிவிலிருந்து வருகிற கவருக்குத்தான் பயப்படுவார். மொட்டைக் கடுதாசி அங்கே செல்லாது; சொந்தப் பெயர், முகவரி, சத்தியம் செய்த அபிடவிட், சோதித்துப் பார்க்கத்தக்க ஆதாரம் வேண்டும். ஜட்ஜ் மேல் புகார் கொடுத்தால் கோர்ட் அவமதிப்பில் உள்ளே போட்டுவிடுவார்களோ என்று கேட்பீர்கள். கீழ்க்கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு ஐகோர்ட்டுக்குச் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் வருஷத்து அவமதிப்புச் சட்டம் பிரிவு 6 சொல்கிறது. இப்படிக் கோர்ட்டுக்கு முறையாகச் சொல்வதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஊர் வாட்ஸப் குரூப்பில் ஜட்ஜ் பெயரைப் போட்டு எழுதினால் கிடையாது. இங்கே நான் பெயர்களை விட்டதற்கும் அதுதான் காரணம். உங்கள் மகள் இதைப் பற்றிப் பேஸ்புக்கில் போட்டிருக்கிற பதிவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அந்த ஜட்ஜ் முன்னாலேயே நிற்க மனசு ஒப்பவில்லை என்றால் வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மாவட்ட நீதிபதியிடம் சி.பி.சி. பிரிவு 24-இல் மனுப் போடலாம். டீக்கடைப் பேச்சை ஆதாரமாக வைத்துப் போட்டால் செலவுத்தொகையோடு தள்ளுவார்கள், அதே ஜட்ஜ் முன்னால் திரும்பி வந்து நிற்க வேண்டியிருக்கும். எப்படியும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறையை ஒட்டி அவர்களுக்கு மாறுதல் வரும்.

மேல்கோர்ட் நீதிபதிகள் சங்கதியே வேறு. அவர்களை நீக்கப் பார்லிமெண்டின் இரு சபையிலும், ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், அது சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலாகவும் இருக்க வேண்டும். முதன்முதலில் அப்படி ஓட்டெடுப்புக்கு வந்தவர் நமக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த நீதிபதி வி. ராமசாமி. 1993 மே மாதம் லோக்சபாவில் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர், எதிராக ஒருவர்கூட இல்லை, 205 பேர் ஓட்டே போடவில்லை. விசாரணைக் குழு குற்றம் நிரூபணம் என்று சொன்ன பிறகும் தீர்மானம் தோற்றது. முன்சீப்புக்கு ஒரு கவர் போதும், அங்கே 196 ஓட்டு போதவில்லை. உங்கள் வழக்கு அவ்வளவு தூரம் போகாது, விடுங்கள்.

திங்கட்கிழமை காலையில் நகல் மனுப் போடுங்கள், தள்ளுபடி உத்தரவுக்கும் நோட்ஸ் பேப்பருக்கும். வாட்ஸப் செய்திகளை அழியாமல் வேறு போனிலும் எடுத்து வையுங்கள். புது வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு அம்மா பெயரில், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100-க்குப் போன் பண்ணினாலும் சொல்வார்கள். அபிடவிட் தயாரானதும் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாமல் முதலில் நீங்கள் வாங்கி வாசியுங்கள். நாலாவது, ஐந்தாவது பாராவில் எங்கேயாவது மஞ்சள் காமாலை இருந்தால், ‘அம்மைக்கு அந்த நோய் வரவே இல்ல சார்’ என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.